மலைப்பக்கத்துக் கொக்கி

செப்டம்பர் 12, வெள்ளி

எட்டு எம்.எம். டிரில் பிட் மூன்று குறைந்தது. காலையிலிருந்து டூல் ரூமைப் புரட்டிப் போட்டுத் தேடினேன். இரண்டு, லேத் மிஷின்காரரின் சட்டைப் பையிலிருந்து வந்தன. மூன்றாவது வரவில்லை. முன்பெல்லாம் இப்படி ஒன்று குறைந்தால் சாப்பாடு இறங்காது. இன்று 'ஒன்று குறைவு' என்று எழுதிவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "அக்டோபர் நாலுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் லீவு சொல்லிடுங்க. அதே மலை முகாம்தான். அதே பதினேழாம் இடம் கேட்டேன், காலியா இருக்காம். வண்டிக்கும் சொல்லியாச்சு."

"சரி" என்றேன்.

"ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

"கேக்கணும்னு சொன்னதுக்கப்புறம் கேட்டா அது கேள்வியா?" என்று மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அங்கே தனக்குத் தானே பேசுகிற மாதிரி, "விட்ட இடத்துலேர்ந்து ஏறணும் எனக்கு" என்பது கேட்டது. நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஓடியது என்று ஞாபகமில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மைத்துனன் போன் செய்தான். இவளுக்கு ஒரே தம்பி. "அக்காவுக்குத்தான் கிறுக்கு, உங்களுக்குமா மாமா? பட்ட இடத்துக்கே திரும்பப் போறாங்களாம், நீங்களும் பெட்டியத் தூக்கிட்டுப் பின்னாடியே போறீங்களாம்."

இவள் போனைப் பிடுங்கி, "பட்ட காலிலேயே படும்னுதானேடா சொல்ல வர்றே? படட்டும். இன்னும் ரெண்டு விரல் மிச்சம் இருக்கு" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

இவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். மலையேறுகிற கூட்டத்துக்கு இவள்தான் 'கேப்டன்'. இப்போது பள்ளிக்கூடத்தில் லைப்ரரியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

புது ஷூ வந்தது. விரல் இல்லாத இடத்துக்கு உள்ளே பஞ்சு மாதிரி ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இவள் நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறாள். திரும்ப ஒரு மணி நேரமாகும். நடந்ததை ஒருமுறையாவது எழுதிப் பார்க்கிறேன்.

மோட்டார்ஹோம் என்று பெயர்தான் பெரிது. ஒரு வேனுக்குள் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாவற்றையும் திணித்திருப்பார்கள். மலையடிவாரத்து முகாமில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஏற ஆசைப்படுகிறவர்கள் ஏறுவார்கள். இவளுக்கு ஆசை. நான் கூடப் போகிறவன்.

முகாம் வாசலில் ஒரு பெரிய பலகை இருக்கும். இடது பாதியில் 'முகாம்', வலது பாதியில் 'மலை'. இரண்டு பாதியிலும் வரிசையாகக் கொக்கிகள். ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். எனக்கு 17-அ, இவளுக்கு 17-ஆ. ஏறும்போது டோக்கனை மலைப் பக்கம் மாட்டிவிட்டுப் போகவேண்டும். இறங்கி வந்ததும் எடுத்து முகாம் பக்கம் மாட்டவேண்டும். அவரவர் டோக்கனை அவரவர்தான் தொடவேண்டும் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். ஆறு மணிக்குக் காவலர் வந்து பார்ப்பார். மலைப் பக்கம் ஒன்று தொங்கினாலும் தேடுவதற்கு ஆள் கிளம்பிவிடும்.

போன வருஷம் அக்டோபர் ஒன்பது. இரண்டாவது மேட்டில் எனக்குத் தலைவலி. "நீங்க இறங்குங்க. நான் ஓடை வரைக்கும் போயிட்டு அரை மணி நேரத்துல பின்னாடியே வந்துடறேன்" என்றாள். நான்கு மணிக்கு வாசலுக்கு வந்தேன். என் டோக்கனை எடுத்து முகாம் பக்கம் மாட்டினேன். மலைப் பக்கத்தில் இவளுடையது மட்டும் தனியாகத் தொங்கியது. அதையும் எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் மாட்டினேன்.

ஏன் மாட்டினேன்? இருபத்தெட்டு வருஷமாக டூல் ரூமில் என் வேலையே இதுதான். டோக்கனைக் கொடுத்து டூல் வாங்கிப் போவார்கள், டூல் திரும்பி வந்தால் டோக்கனைத் திருப்பித் தருவேன். ஜோடியாக வேலை செய்கிறவர்களில் ஒருவன் வந்து கொடுத்தாலும் இரண்டு டோக்கனையும் கொக்கியிலிருந்து எடுத்துவிடுவேன். ஷிப்ட் சங்கு ஊதும்போது ஒற்றை டோக்கன் தொங்கினால் எனக்குப் பொறுக்காது. அரை மணியில் வரப்போகிறவள்தானே. கை தானாகப் போயிற்று.

மாத்திரை போட்டுப் படுத்தேன். விழித்தபோது மணி எட்டு பத்து. இவள் இல்லை. காவலரிடம் ஓடினேன். அவர் பலகையில் டார்ச் அடித்துக் காட்டினார். "பதறாதீங்க சார். அம்மா டோக்கன் முகாம் பக்கம் இருக்கு பாருங்க. கீழதான் யார் வண்டியிலாவது பேசிட்டு இருப்பாங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். காவலரும் நானும் நாற்பது வண்டிகளின் கதவையும் தட்டினோம். அடுத்த கதவில் இருப்பாள், அடுத்த கதவில் இருப்பாள் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு கதவாகப் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. பத்தரைக்குத்தான் ஆட்கள் மலையேறினார்கள்.

ஓடைப் பாறை இடுக்கில் கணுக்கால் முறிந்து, ஷூ நிறையப் பனித் தண்ணீரோடு கிடந்தாளாம். குளிரில் விறைத்து, வலது காலில் மூன்று விரல்கள் போயின. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை.

பிறகு விசாரணை. 'என் டோக்கனை நான் தொடவே இல்லை' என்று இவள் எழுதினாள். 'நானும் தொடவில்லை' என்று காவலர் எழுதினார். தேட ஆள் அனுப்புகிற அலைச்சலுக்குச் சோம்பி அவர்தான் மாற்றி வைத்துவிட்டார் என்று முடிவாயிற்று. என்னிடமும் கேட்டார்கள். 'நான் பலகையைக் கவனிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காவலர் பொறுப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டதாக நவம்பரில் கடிதம் வந்தது. இவள் அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். யாரும் சோற்றைக் கிளறாவிட்டால் முடிகிறது. என்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ரூல் என்றால் உயிரை விடுகிறவன் என்று பெயர் எடுத்திருக்கிறேனே.

எழுதியாயிற்று. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள்.

அக்டோபர் 4, சனி

ஏழு மணி நேர ஓட்டம். பாதி தூரம் நான், பாதி இவள். பிரேக்கைக் குதிகாலால் மிதிக்கப் பழகியிருக்கிறாள். எப்போது பழகினாள்?

முகாமில் புது காவலர், சின்ன வயதுப் பெண். காதில் பென்சில். ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டோக்கன்களை நீட்டினாள். "ரூல் தெரியும்ல சார்? அவங்கவங்க டோக்கன அவங்கவங்கதான் தொடணும்." தெரியும் என்றேன். இவள், "இவருக்கா தெரியாது? ரூல் புஸ்தகத்துக்கே அட்டை போட்டவர்" என்றாள்.

பலகைக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வண்டியை மேடு பள்ளம் இல்லாமல் நிறுத்த ஒரு மணி நேரமாயிற்று. பின் சக்கரத்துக்கு இரண்டு கட்டைகள் வைத்தபிறகுதான் அடுப்பில் வைத்த பால் ஒரு பக்கமாகச் சாயாமல் நின்றது. வண்டிக்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் உட்கார்ந்து வழிவிட வேண்டும். இன்று பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு வெளியே தட்டுகிற சத்தம். கக்கூஸ் டேங்கை எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவி வைக்கிற ஆள். வண்டியின் பக்கவாட்டில் சின்னக் கதவைத் திறந்து, டேங்கை இழுத்து, தள்ளுவண்டியில் ஏற்றினார். முகத்துணியை இறக்கியபோதுதான் தெரிந்தது. அவர்தான். பழைய காவலர்.

என்னைப் பார்த்ததும், "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார்.

"இருக்கேன்."

ஜன்னலில் இவள் முகத்தைப் பார்த்தார். "அம்மா, கால் எப்படி இருக்கு?"

இவள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். அவர் கொஞ்ச நேரம் அந்தச் சாத்திய கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கையுறையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். அரை மணியில் கழுவிய டேங்கைக் கொண்டுவந்து பொருத்தினார். வேலை சுத்தம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவமானமாக இருந்தது என்று எழுத ஆசைதான். நான் அப்போது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஓரம் வரை சமமாகத் தடவினேன்.

"அந்த ஆளை வேலைய விட்டே அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாள் இவள். "இங்கயே வச்சிருக்காங்களே."

அக்டோபர் 6, திங்கள்

மழை. வெளியே போக முடியவில்லை. கூரையில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரே சத்தம். மேஜையில் வரைபடத்தை விரித்து இவள் வழி போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது மேடு, அதற்கப்புறம் ஓடை. முடிந்தால் ஓடையைத் தாண்டி மேலே. "ஓடை வரைக்கும் போயிட்டேன்னா போதும். அப்புறம் மறுபடியும் நான் நானாயிடுவேன்" என்றாள். சரி என்றேன்.

மழையிலும் அவர் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்தார். இவள் ஜன்னல் வழியே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வயசு அம்பத்தஞ்சு இருக்காது அவருக்கு?"

நேற்று 'அந்த ஆள்'. இன்று 'அவர்'.

"இருக்கும்."

"ஒரு நாள் அசந்துட்டார் போல. யார்தான் அசரல? நான் மட்டும் பாறை ஈரமா இருக்கான்னு பாத்தா கால வச்சேன்? ஒரு வருஷமா மனசுக்குள்ள அவரைத் திட்டித் திட்டி எனக்கே வாய் கசந்துடுச்சு."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பழமொழி. என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை. மரத்துப்போய்க் கிடந்தது. வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை விட்டது. குழாயடியில் அவர் டேங்க்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. நடக்கும்போதே ஏதோ ஒத்திகை பார்க்கிற மாதிரி உதடு அசைந்தது.

"நான் உங்கள மன்னிச்சுட்டேன்" என்றாள். "நடந்தது நடந்துடுச்சு. ஆபீஸுக்கு நானே எழுதறேன். மறுபடி உங்களுக்கு அந்த வேலையக் குடுக்கச் சொல்றேன்."

அவர் குழாயை மூடினார்.

"வேண்டாம்மா."

"ஏன்?"

"மன்னிப்புங்கறது தப்பு செஞ்சவனுக்குக் குடுக்கறது. அத நான் வாங்கிட்டேன்னா, நான்தான் செஞ்சேன்னு ஆயிடும். நான் அந்த டோக்கனத் தொடல."

"அப்ப யார் தொட்டது? காத்தா?"

"தெரியலம்மா. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் என் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரிந்திருக்காது என்றும் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது இவளுக்குக் கோபத்தில் நடையே கோணிப் போயிற்று. "என்ன திமிரு பாத்தீங்களா? கை நீட்டினா கடிக்க வர்றான். செஞ்சதையும் செஞ்சுட்டு, என்னமோ நான்தான் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்ங்கற மாதிரி!" பிறகு வண்டிப் படியில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன். நீங்க நிதானமான ஆளு. உங்ககிட்டயாவது ஒத்துக்குவாரு. ஒத்துக்கிட்டா போதும் எனக்கு. வேற எதுவும் வேண்டாம்."

பேசுகிறேன் என்றேன்.

என்னத்தைப் பேசுவேன். என்ன பேச முடியும். சாண் போனால் என்ன முழம் போனால் என்ன என்று ஒரு வருஷம் ஓட்டியாச்சு. இப்ப அந்த மனுஷன்கிட்ட போய் நானே, நீதான் செஞ்சே ஒத்துக்கோன்னு — முடியாது. முடியவே முடியாது.

அக்டோபர் 8, புதன்

எழுதவேண்டும். நடந்தபடியே எழுதவேண்டும்.

ஏழரைக்குக் கிளம்பினோம். டோக்கன்களை மலைப் பக்கம் மாட்டினோம். இவள் மெதுவாகத்தான் ஏறினாள். ஏற்றத்தில் காலை உந்த விரல்கள் வேண்டும், இல்லாதபோது இடுப்பால் உந்துகிறாள். பத்து அடிக்கு ஒருமுறை நின்றாள். ஒரு தடவைகூட 'முடியல' என்று சொல்லவில்லை. பதினொன்றரைக்கு இரண்டாவது மேடு. பாறைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"தலை வலிக்குதா?" என்று கேட்டாள். "வலிச்சா நீங்க இறங்குங்க. நான் ஓடை வரைக்கும் போயிட்டு அரை மணி நேரத்துல பின்னாடியே வந்துடறேன்."

அதே வார்த்தைகள். இவளுக்கு அது நினைவில்லை. ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டோக்கன நான்தான் மாத்தினேன்" என்றேன்.

"இப்பவா? மலைப் பக்கம்தானே மாட்டினோம்."

"இப்ப இல்ல. போன வருஷம். உன்னுத. நாலு மணிக்கு என்னுத மாத்தும்போது உன்னுதையும் சேத்து மாத்திட்டேன்."

நாடாவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெல்ல, எனக்கு வழி விடுகிற மாதிரி கேட்டாள்: "மறந்துட்டீங்களா? அப்புறமா எப்பவோ ஞாபகம் வந்துச்சா?"

ஆமாம் என்றிருக்கலாம். அந்த ஒரு ஆமாமில் பாதி தப்பித்திருப்பேன்.

"இல்ல. அவர் டார்ச் அடிச்சுக் காட்டினப்பவே தெரியும். எட்டு பத்துக்கு."

"ஆள் ஏறினது பத்தரைக்கு."

"ஆமா."

"அது வரைக்கும்?"

"கதவு தட்டிக்கிட்டிருந்தேன்."

"நான் மேல இருக்கேன்னு தெரிஞ்சேவா?"

"ஆமா."

இவள் அழுவாள், அடிப்பாள் என்று எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. லைப்ரரியில் புத்தகத் தேதி பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "மாத்தினது பழக்கம். உங்கள எனக்குத் தெரியாதா? வீட்டுல செருப்பு ஒத்தையா கிடந்தாக்கூட ஜோடி சேத்துட்டுத்தான் உக்காருவீங்க. அத நான் திட்டியிருப்பேன், அப்புறம் விட்டிருப்பேன். கதவு தட்டினீங்களே, அது என்ன?"

பயம் என்று சொன்னால் சின்னதாக இருக்கிறது.

எழுந்தாள். பையை மாட்டிக்கொண்டாள். "இறங்குங்க."

"நீ?"

"நான் ஓடைக்குப் போறேன். என் டோக்கனத் தொடாதீங்க."

இறங்கினேன். ஒன்றரைக்கு வாசலுக்கு வந்து என்னுடையதை மட்டும் மாற்றினேன். 17-ஆ மலைப் பக்கம் தொங்கியது. அதற்கு எதிரே இருந்த கல்லில் உட்கார்ந்தேன். புது காவலர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "டீ வேணுமா சார்?" என்றாள். வேண்டாம் என்றேன். ஐந்து இருபதுக்கு இவள் வந்தாள். பேன்ட் முழங்கால் வரை ஈரம். ஓடையைத் தாண்டியிருக்கிறாள். தன் டோக்கனைத் தானே எடுத்து முகாம் பக்கம் மாட்டிவிட்டு, என்னைத் தாண்டி நடந்தாள்.

போன வருஷமும் இதுமாதிரி அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தால் போதும். வேறு ஒன்றுமே செய்திருக்க வேண்டாம்.

அக்டோபர் 9, வியாழன்

மேஜையை மடித்துப் படுக்கையாக்கி அதில் படுத்தாள். காலையில் நான் வெந்நீர் கொடுத்தபோது முதல் பேச்சு: "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட மட்டும் எதுக்கு சொன்னீங்க? உங்க மனசு லேசாகவா?"

போனேன். குழாயடியில்தான் இருந்தார். சொன்னேன். இந்த முறை சுலபமாக வந்தது. மலைமேல் ஒருமுறை சொல்லிப் பழகிவிட்டதே. அவர் தண்ணீரை நிறுத்திவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு டேங்க்மேல் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார்" என்றார். "மாத்தல, மாத்தலன்னு சொல்லிச் சொல்லி, ஒருவேளை மாத்தித்தான் இருப்போமோன்னு. பதினெட்டு வருஷம் அந்தப் பலகையப் பாத்தவன் நான். என் கையவே என்னால நம்ப முடியல."

"மன்னிச்சுடுங்க" என்றேன்.

"அத அப்புறம் பாக்கலாம். முதல்ல எழுதிக் குடுங்க." பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "அதுக்கும் முன்னாடி என் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க. ஒரு வருஷமா 'சரி விடுங்க, சரி விடுங்க'ங்கறா. நம்பறேன்னு ஒரு நாள்கூட சொல்லல."

எனக்குத் தெரியாத ஒரு பெண்மணிக்கு, அவருடைய புருஷன் தப்பு செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்று போனில் சொன்னேன். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்தார்போல, சத்தம் நின்றது.

"நீங்க யாரு?"

"அந்தம்மாவோட வீட்டுக்காரர்."

"கால் போன அம்மாவோட வீட்டுக்காரரா?"

"ஆமாங்க."

ஒரு பெரிய மூச்சு. "அவர்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவர் போனைக் காதில் வைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தம்மா என்ன சொன்னாரோ, இவர் 'ம்' கொட்டினார். பிறகு அதுவும் இல்லை. கை ஈரமாக இருந்ததால் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போனைக் கொஞ்சம் விலக்கி, "நீங்க போங்க சார்" என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். புது காவலர் முழுக்கப் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "தேதி போடல சார்" என்றாள். போட்டேன்.

அக்டோபர் 11, சனி

ஏழு மணி நேரமும் இவளே ஓட்டினாள். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது, "கால் வலிக்குதா?" என்று கேட்டேன். "வலிச்சா சொல்றேன்" என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

மைத்துனன் நேரிலேயே வந்தான். சண்டைக்கு வந்தவன் மாதிரி செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து, சோபாவில் உட்கார்ந்ததும் குரல் இறங்கிவிட்டது. "காவலர்மேல போட்ட அந்தப் புகார் லெட்டர நான்தானே மாமா டைப் அடிச்சேன். நீங்க பக்கத்துல உக்காந்து ஸ்பெல்லிங் திருத்தினீங்க."

திருத்தினேன். ஞாபகம் இருக்கிறது. 'அலட்சியம்' என்ற வார்த்தையில் அவன் புள்ளியை விட்டிருந்தான்.

"எப்படி மாமா முடிஞ்சுது?"

"தெரியலப்பா."

இவள் அவனுக்கு மட்டும் காபி கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு எனக்கும் கொண்டுவந்தாள்.

நவம்பர் 8, சனி

வீட்டில் பேச்சு இருக்கிறது. "கேஸ் தீரப் போகுது." "சாவி ஆணியில இருக்கு." "எலக்ட்ரீஷியன் வந்தா மோட்டாரக் காட்டுங்க." இவள் இப்போது முன் அறையில் படுத்துக்கொள்கிறாள். அங்கே காற்று நன்றாக வருகிறதாம். ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருக்கிறாள்.

டிசம்பர் 3, புதன்

முகாம் ஆபீஸிலிருந்து கடிதம். பழைய காவலரை ஏப்ரல் முதல் அதே பொறுப்பில் திரும்ப வைக்கிறார்கள். அவருக்கு எழுத்தில் வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். கடைசி பாராவில், எனக்கு இனி அந்த முகாமில் தங்க அனுமதி இல்லை. இவள் முழுவதையும் சத்தமாகப் படித்தாள், கடைசி பாரா உட்பட. "நியாயம்தான்" என்றேன். "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினாளாம். என்ன எழுதினாள் என்று கேட்டேன். "மன்னிப்புக் கேட்டேன். வாங்கிக்கறதும் விடறதும் அவர் இஷ்டம்" என்றாள்.

ஜனவரி 22, வியாழன்

டூல் ரூமில் எனக்கு உதவிக்கு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் டோக்கன் பலகையை இரண்டு பேர் பார்ப்பது நல்லது. மேனேஜர், "திடீர்னு என்ன சார், கண்ணு மங்கிடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஏப்ரலில் இவள் கூட்டத்தோடு மலைக்குப் போகிறாள். பத்து நாள். பெண்கள் நான்கு பேர், ஒரே மோட்டார்ஹோம். போன வாரம்தான் என்னிடம் சொன்னாள். "போயிட்டு வா" என்றேன். "கேட்டுக்கிட்டா போறேன்?" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கழித்து அவளே, "ஓடைக்கு மேல ஒரு கணவாய் இருக்கு. இந்தத் தடவை அங்க" என்றாள். நான்கு மாதத்தில் அவள் என்னிடம் சொன்ன மிக நீளமான பேச்சு அது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கவரைக் கொடுத்தாள். "முகாம் ஃபார்ம். போற வழியில தபால்ல போட்டுடுங்க." கவர் ஒட்டாமல் இருந்தது. தபாலாபீஸ் வாசலில் ஒட்டுவதற்கு முன் எல்லாம் சரியாக நிரப்பியிருக்கிறாளா என்று பார்த்தேன். பெயர், வயது, இரத்த வகை, காலில் உள்ள குறை. இரண்டாம் பக்கத்தில், 'ஆபத்து நேர்ந்தால் முதலில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' இருபத்தாறு வருஷமாக எந்த ஃபார்மிலும் அந்த இடத்தில் என் பெயர்தான். தம்பியின் பெயரை எழுதியிருக்கிறாள். அவன் நம்பர், வீட்டு விலாசம், உறவுமுறை எல்லாம் திருத்தமான எழுத்தில்.

நெஞ்சில் சுருக்கென்றது. கவுண்டர் பக்கத்து பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கு அடைத்தது, எல்லாரும் பார்த்தார்கள். வலித்தது. ஒன்றரை வருஷத்தில் எனக்கு வலித்தது இன்றைக்குத்தான். பக்கத்தில் இருந்தவர், "என்ன சார், யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றேன்.

தம்பியின் நம்பரில் ஓர் எண் ஏழா ஒன்றா என்று தெளிவில்லாமல் இருந்தது. மலையிலிருந்து கூப்பிடுகிறவர்கள் குழம்பிவிடக் கூடாது. பேனாவை எடுத்து ஏழின்மேல் ஒருமுறை அழுத்தி எழுதினேன். பிறகு கவரை ஒட்டிப் பெட்டியில் போட்டேன். வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதம்.